டோனி டன்ஜி: யாரும் எடுக்காத ஆட்டக்காரர் இவ்வளவு பெரிய கோச் ஆனது எப்படி?

பரணி எழுதியது:

இந்தப் பகுதியில் அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பேச்சுதான். மேனிங்கா பிரேடியா என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. மேனிங்குக்கு முதல் சூப்பர் போல் (என்எஃப்எல் லீகின் இறுதிப்போட்டி) கோப்பை கிடைத்தபோது கோச்சாக இருந்த டோனி டன்ஜிக்கு ஒரு இழைகூட இல்லை. ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது, அதனால் நானே தொடங்குகிறேன்.

என் கட்சி இதுதான்: டன்ஜி நல்ல கோச் ஆனதற்குக் காரணமே அவர் பெரிய ஆட்டக்காரராக ஆகாமல் போனதுதான்.

1955இல் மிஷிகன் மாநிலம் ஜாக்சனில் பிறந்தவர். அப்பா கல்லூரியில் உடலியல் கற்பித்தார். அம்மா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை, ஷேக்ஸ்பியர் பாடம் நடத்தியவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1976 வரை குவார்ட்டர்பேக். வெளியே வரும்போது அங்கே பாசிங் சாதனைகளில் முக்கியமானவை எல்லாம் அவர் பெயரில்தான் இருந்தன. ஆனால் கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கிற டிராஃப்டில், 1977இல் 12 சுற்று போயும் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கறுப்பின குவார்ட்டர்பேக் என்றால் ‘வேறு இடத்தில் ஆடு’ என்று சொல்லிவிடும் காலம் அது. அடுத்த வருடம் வாரன் மூனே கனடாவுக்குப் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது.

டன்ஜியை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டிராஃப்டுக்கு வெளியே ஒப்பந்தம் செய்து சேஃப்டி ஆக்கியது. அதாவது, பந்தை எறிந்தே வளர்ந்தவர் எறிகிற பந்தைத் தடுக்கிற இடத்துக்கு மாறினார். 21 வயதில், அதுவும் ‘ஸ்டீல் கர்ட்டன்’ என்று பேர் வாங்கிய டிஃபென்ஸில்.

அந்த முதல் வருடமே ஒரு அபூர்வம் நடந்தது. 1977 அக்டோபர் 9, ஹூஸ்டன் ஆய்லர்ஸோடு ஆட்டம். டன்ஜி டிஃபென்ஸில் நின்று ஒரு இன்டர்செப்ஷன் எடுத்தார், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பிடித்தார். அப்புறம் முதன்மை குவார்ட்டர்பேக் பிராட்ஷாவுக்கு அடி, அவருக்கு மாற்றாக வந்த குருசெக்குக்கும் அடி. வேறு ஆளில்லாமல் டன்ஜியையே குவார்ட்டர்பேக்காக இறக்கினார்கள். அங்கே அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்தது. ஒரே ஆட்டத்தில் இன்டர்செப்ஷன் எடுத்தவரும் அவரே, கொடுத்தவரும் அவரே.

1978இல் 6 இன்டர்செப்ஷன், அந்த வருடம் அணியிலேயே அதிகம். டல்லாஸை 35-31 என்று வென்று, வெல்பவர்களுக்குத் தருகிற சூப்பர் போல் மோதிரம். 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டார்கள். 1980இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் முகாம் வரை போனார், அங்கே கழித்துவிட்டார்கள். 25 வயது நிறைவதற்குள் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர், நொடியில் வேறு இடத்துக்கு மாறத் தெரிந்தவர், ஆனால் உடல் வேகத்தில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால். இப்படிப்பட்டவர் மூளையால்தான் பிழைத்திருக்க முடியும். அந்த மூளைதான் பிறகு கோச் ஆனது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

செல்வம்_மதுரை எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி. மாற்று உதாரணமும் தருகிறேன். பார்ட் ஸ்டார், முதல் இரண்டு சூப்பர் போல்களிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அதே கிரீன் பே அணிக்கு 1975 முதல் 1983 வரை கோச்சாக இருந்தும் தோல்விகளே அதிகம். மைக் சிங்கிள்டரி, லைன்பேக்கர்களில் (டிஃபென்ஸின் இரண்டாம் வரிசை) தெய்வம் மாதிரி. சான் ஃபிரான்சிஸ்கோவில் கோச்சாக 18 வெற்றி, 22 தோல்வி. தனக்குத் தானாக வந்ததை அடுத்தவனுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியவில்லை.

---

மாலா_இண்டியானா எழுதியது:

செல்வம் அண்ணா, அதைப் பொதுவிதி ஆக்கிவிடாதீர்கள். மைக் டிட்கா? டைட் எண்டாக ஹால் ஆஃப் ஃபேமில் (பெரியவர்களின் கௌரவப் பட்டியல்) இருப்பவர். டல்லாஸுக்கு ஆடி சூப்பர் போல் ஜெயித்தார், பிறகு சிகாகோ பேர்ஸ் கோச்சாக 1985 சீசன் கோப்பையும் வாங்கினார். ஆட்டக்காரராகவும் ஹெட் கோச்சாகவும் சூப்பர் போல் வென்றதில் டன்ஜி மூன்றாவது ஆள்தான். முதலாமவர் டாம் ஃப்ளோரஸ், இரண்டாமவர் டிட்கா. ஃப்ளோரஸ் ஜெயித்தபோது கன்சாஸ் சிட்டியில் மாற்று குவார்ட்டர்பேக், டிட்கா நட்சத்திரம், டன்ஜி மூன்று சீசன் ஆட்டக்காரர். மூன்று பேரும் மூன்று ரகம்.

என்னைக் கேட்டால் டன்ஜியை உருவாக்கியது ஸ்டீலர்ஸ் கோச் சக் நோல். நோல் கத்திப் பேசி ஆட்களை உசுப்பேற்றுகிறவர் இல்லை. கால் எங்கே வைக்க வேண்டும், தோள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். பரணி சொன்ன வாத்தியார் வீட்டுப் பிள்ளை போய்ச் சேர்ந்த இடமும் ஒரு வாத்தியாரிடம்தான்.

1981இல் நோல் அவரை உதவிக் கோச்சாகத் திரும்பக் கூட்டி வந்தார். வயது 25, லீகிலேயே இளைய உதவிக் கோச். அந்தச் சூழ்நிலையை யோசித்துப் பாருங்கள். பின்வரிசையில் மெல் பிளவுன்ட்டும் டானி ஷெல்லும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கைக்கு நாலு மோதிரம். ஷெல் இவரோடு ஒரே அறையில் தங்கியவர், இவரைவிட மூத்தவர். அவர்களிடம் போய் ‘நான் சொல்கிற மாதிரி நில்லுங்கள்’ என்று அதட்டினால் நடக்குமா? ஏன் அப்படி நிற்க வேண்டும் என்று காரணம் காட்டித்தான் ஒத்துக்கொள்ள வைக்க முடியும். டன்ஜியின் மெல்லிய குரலை எல்லோரும் சுபாவம் என்கிறார்கள். அந்த அறையில் கற்றுக்கொண்ட வேலைமுறை அது என்பது என் எண்ணம்.

---

கார்த்திக்_ஆர் எழுதியது:

மாலா மேடம் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: 1984இல், 28 வயதில், டிஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர், அதாவது டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான உதவிக் கோச். அதற்கப்புறம் ஹெட் கோச் வேலை கிடைக்க 12 வருடம்! நடுவில் 1988இல் ஸ்டீலர்ஸ் 5 வெற்றி, 11 தோல்வி என்று கவிழ்ந்தபோது பதவியிறக்கம் வந்தது. அதை ஏற்காமல் கன்சாஸ் சிட்டிக்குப் போய் பின்வரிசைக் கோச்சாக மறுபடி கீழிருந்து தொடங்கினார். 1992இல் டென்னிஸ் கிரீன் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு கோஆர்டினேட்டராக அழைத்தார். அங்கே நாலு வருடம் அவருடைய டிஃபென்ஸைப் பார்த்தபிறகும் அணி முதலாளிகள் தயங்கினார்கள். அந்த லீகில் ஆர்ட் ஷெல் 1989இல் வரும்வரை நவீன காலத்தில் ஒரு கறுப்பின ஹெட் கோச்சும் இல்லை என்பதை மறந்துவிட்டு இந்த 12 வருடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

---

யாழினி எழுதியது:

நான் இந்த விளையாட்டுக்குப் புதிது. ‘டாம்பா 2’ என்று எல்லா இடத்திலும் டன்ஜி பெயரோடு வருகிறதே, அது என்ன? விளையாட்டைப் பாதி புரிந்தவருக்குச் சொல்கிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

---

பரணி எழுதியது:

யாழினி, நல்ல கேள்வி. மைதானத்தின் பின்பகுதியை நெடுக்காக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பாதிக்கு ஒரு சேஃப்டி, வலது பாதிக்கு ஒரு சேஃப்டி. பேரில் உள்ள 2 அதுதான். ஓரத்தில் நிற்கிற கார்னர்பேக்குகள், பந்தைப் பிடிக்கப் போகிற எதிரணி ரிசீவர் ஓடத் தொடங்கும்போதே கையால் தடுத்து உள்பக்கம் தள்ளிவிடுவார்கள்.

இதில் ஓட்டை எங்கே? இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே, ஆழத்தில். எதிரணி அங்கேதான் எறியும். டாம்பா 2இல் நடு லைன்பேக்கர் பந்து நகர்ந்த நொடியே முதுகைத் திருப்பி அந்த ஓட்டையை நோக்கி ஓடுவார். ஓட்டத்தை நிறுத்த வேண்டிய பெரிய உடம்புக்காரர் 15, 20 கஜம் பின்னால் ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அதனால்தான் டன்ஜி எடையைவிட வேகத்தைப் பார்த்து ஆள் எடுத்தார்.

இன்னொன்று: முன்வரிசை நாலு பேர் மட்டும் குவார்ட்டர்பேக்கை விரட்டுவார்கள், கூடுதல் ஆளை அனுப்புவதே அபூர்வம். மீதி 7 பேரின் கண்ணும் ரிசீவர் மேல் இல்லை, குவார்ட்டர்பேக் மேல். வலை விரித்துக் காத்திருக்கிற வேலை. குட்டிப் பாஸ் வேண்டுமானால் தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் பிடித்த இடத்திலேயே நாலு பேர் வந்து மேலே விழுவோம். ஒரு இடத்திலாவது நீ தப்புச் செய்வாய்.

இது தான் கண்டுபிடித்தது இல்லை, 1970களின் ஸ்டீலர்ஸ் பாடத்திலிருந்து வந்தது என்று டன்ஜியே பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கே நடுவில் பின்னால் ஓடியவர் ஜாக் லாம்பர்ட். பிறகு டாம்பா அணியில் ஹெட் கோச்சாக இருந்தபோது, கோஆர்டினேட்டர் மான்ட்டி கிஃபினோடு சேர்ந்து டன்ஜி அதை மெருகேற்றினார், பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

---

யாழினி எழுதியது:

இப்போது விளங்குகிறது, நன்றி. அப்படியானால் அது ஆளுக்கு ஆள் நம்பிக்கை வேண்டிய ஆட்டம். ஒருத்தர் அவசரப்பட்டு இடத்தை விட்டு நகர்ந்தால் போச்சு.

---

மாலா_இண்டியானா எழுதியது:

அதேதான். அதனால்தான் முதல் வருடம் அவ்வளவு கஷ்டம். 1996 ஜனவரியில் டாம்பா பே பக்கனீர்ஸ் அவரை ஹெட் கோச் ஆக்கியது. 1983 முதல் 1994 வரை தொடர்ந்து 12 சீசன், ஒவ்வொன்றிலும் 10 தோல்விக்குக் குறையாத அணி. டன்ஜி வந்தும் முதல் 9 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. ஊரே கொதித்தது. அவர் திட்டத்தை மாற்றவில்லை. சாக்குச் சொல்லாதே, விளக்கமும் சொல்லாதே என்பதுதான் அணிக்கு அவர் வைத்த விதி. நவம்பரில் சான் டியேகோவில் 14-0 பின்தங்கியிருந்து 25-17 என்று ஜெயித்தார்கள். கடைசி 7இல் 5 வெற்றி. அடுத்த வருடம் 10-6, சீசனுக்குப் பிறகு வருகிற பிளேஆஃப் என்ற நாக்கவுட் சுற்றுக்கும் போனார்கள்.

வாரன் சாப், டெரிக் புரூக்ஸ், ஜான் லிஞ்ச், ரோண்டே பார்பர். நாலு பேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். பார்பர் தவிர மூவரும் டன்ஜி வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். அவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்தது இவர்.

---

ராஜேஷ்_டி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். எனக்கு டன்ஜி மேல் மரியாதை உண்டு, ஆனால் சில விஷயங்களை மேசை மேல் வைத்தே ஆக வேண்டும்.

டாம்பாவில் டன்ஜியின் கடைசி மூன்று பிளேஆஃப் ஆட்டங்கள்: 1999 சீசனில் செயின்ட் லூயிஸிடம் 11-6, 2000இல் ஃபிலடெல்ஃபியாவிடம் 21-3, 2001இல் மறுபடி ஃபிலடெல்ஃபியாவிடம் 31-9. மூன்றிலும் சேர்த்து டாம்பா எடுத்த டச்டவுன் (எதிரணியின் எல்லை வரை பந்தைக் கொண்டுபோய் எடுக்கிற 6 புள்ளி) பூஜ்யம். டிஃபென்ஸில் இவ்வளவு யோசித்தவர் ஆஃபென்ஸை ஏன் அப்படியே விட்டார்? 2002 ஜனவரியில் வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் இடத்துக்குப் புதிய கோச்சாக வந்த ஜான் குரூடனுக்காக இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளும் 80 லட்சம் டாலரும் கொடுத்தார்கள். அடுத்த வருடமே சூப்பர் போல், 48-21. முதலாளிகள் எடுத்த முடிவு தப்பென்று சொல்ல முடியுமா?

அதன்பின் கோச்சாகப் போன இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிலும் அதே கதை. மேனிங், மார்வின் ஹாரிசன், எட்ஜெரின் ஜேம்ஸ் எல்லோரும் கையில். 2002இல் ஜெட்ஸிடம் 41-0. 2003, 2004 இரண்டு வருடமும் நியூ இங்கிலாந்திடம் தோல்வி. 2005இல் 14-2 என்று வந்து சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 21-18. இத்தனை ஆயுதத்தோடு 7 சீசனில் ஒரு கோப்பை என்பது குறைவுதான்.

---

செல்வம்_மதுரை எழுதியது:

ராஜேஷ், அந்த 48-21 ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். 5 இன்டர்செப்ஷன், அதில் மூன்று டச்டவுன். ஆட்டத்தின் சிறந்த வீரர் டெக்ஸ்டர் ஜாக்சன், சேஃப்டி. அது யார் கட்டிய டிஃபென்ஸ்? குரூடன் ஆஃபென்ஸைச் சரி செய்தார், அதற்கான பெருமை அவருக்கு. ஆனால் வீட்டின் அஸ்திவாரம் டன்ஜியுடையது. டாம்பாவே 2018இல் அவர் பெயரை மைதானத்தில் பொறித்து மரியாதை செய்தது.

செயின்ட் லூயிஸ் ஆட்டத்தையும் அப்படிக் கடந்து போகாதீர்கள். அந்த வருடம் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரின் செயின்ட் லூயிஸ் ராம்ஸை நிறுத்த ஆளே இல்லை. டாம்பா அவர்களை ஒரே ஒரு டச்டவுனில் நிறுத்தியது. கடைசியில் டாம்பாவின் பெர்ட் இமானுவல் பிடித்த பந்தை ‘பிடிக்கவில்லை’ என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த விதியையே தெளிவுபடுத்த வேண்டி வந்தது.

---

கார்த்திக்_ஆர் எழுதியது:

ஆஃபென்ஸ் விஷயத்தில் நான் ராஜேஷ் பக்கம். டன்ஜிக்கு நெருக்கமானவர்களை மாற்ற மனம் வராது, அது டாம்பாவில் பலவீனமாகப் போயிற்று.

ஆனால் அந்த 2002 ஜனவரிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதே மாதத்தில் மினசோட்டாவில் டென்னிஸ் கிரீனும் வேலை இழந்தார். இரண்டு பேரும் ஜெயித்துக் காட்டியவர்கள். அதைப் பார்த்துத்தான் வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் அந்த வருடமே ஒரு அறிக்கை வெளியிட்டார்கள்: கறுப்பின கோச்கள் அதிகம் ஜெயித்தும் கடைசியாக எடுக்கப்படுகிறார்கள், முதலில் நீக்கப்படுகிறார்கள் என்று. 2003இல் வந்ததுதான் ரூனி விதி. ஹெட் கோச் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்றது அப்போது வந்த விதி. பெயர் டான் ரூனியுடையது, அப்போது ஸ்டீலர்ஸின் முதலாளியாக இருந்தவர், 1981இல் டன்ஜிக்குச் சம்பளம் கொடுத்த அதே அணி.

---

மாலா_இண்டியானா எழுதியது:

ராஜேஷ், 2005ஐ வெறும் 14-2 என்று எழுதிவிட்டீர்கள். அந்த டிசம்பரில் டன்ஜியின் 18 வயது மகன் ஜேம்ஸ் தற்கொலை செய்துகொண்டார். டிசம்பர் 22. மொத்த அணியும் டாம்பாவுக்குப் பறந்து இறுதிச் சடங்கில் உட்கார்ந்தது. சியாட்டில் ஆட்டத்தை உதவிக் கோச் ஜிம் கால்ட்வெல் பார்த்துக்கொண்டார். டன்ஜி ஜனவரி 1 ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டு வாரத்தில் அந்தப் பிட்ஸ்பர்க் ஆட்டம். அந்தத் தோல்வியை அவருடைய கோச்சிங் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு மகனைப் பற்றி அவர் பொதுமேடைகளில் வெளிப்படையாகப் பேசினார். பெற்றோர்களிடம், பிள்ளைகளிடம் தினமும் பேசுங்கள், கட்டிப்பிடியுங்கள் என்றார். டாம்பா காலத்திலிருந்தே உதவிக் கோச்களை ஆபீஸிலேயே படுத்துத் தூங்க விடாமல் வீட்டுக்குப் போகச் சொன்னவர் அவர். பிள்ளைகளை வேலையிடத்துக்குக் கூட்டி வரலாம் என்றும் சொல்லியிருந்தார்.

---

ராஜேஷ்_டி எழுதியது:

மாலா, நீங்கள் சொல்வது நியாயம். அந்த ஆட்டத்தை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றைக் கேட்கிறேன், அதையும் பேச வேண்டும். நாய்ச்சண்டை வழக்கில் சிறையில் இருந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கைப் போய்ப் பார்த்து, 2009இல் அவர் லீகுக்குத் திரும்ப வழிகாட்டியாக நின்றவர் டன்ஜி. அதே டன்ஜி 2014இல், ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன மைக்கேல் சாமைப் பற்றிக் கேட்டபோது, நான் அவரை எடுத்திருக்க மாட்டேன், அதோடு வருகிற தலைவலிகளைச் சமாளிக்க விரும்பியிருக்க மாட்டேன் என்றார். ஆட வாய்ப்பு அவருக்கு வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் ‘வாய்ப்பு வேண்டும், என் அணியில் வேண்டாம்’ என்பதைத்தானே 1977இல் இவரிடமும் சொன்னார்கள்?

---

பரணி எழுதியது:

ராஜேஷ், இதற்கு என்னிடம் தற்காப்பு இல்லை. விக்குக்காக அவர் செய்தது பெரிய மனசு. சாம் விஷயத்தில் அவர் சொன்னது என்னை வருத்தியது. அவருடைய மத நம்பிக்கை எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். ஆனாலும் கதவு திறக்கக் காத்திருந்தவர் அப்படிச் சொன்னது சரியில்லை. இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் அதைப் பூசி மெழுக மாட்டேன்.

---

கார்த்திக்_ஆர் எழுதியது:

ஆட்டத்துக்கு வருவோம். 2003 அக்டோபர் 6, டன்ஜியின் பிறந்தநாள். தன்னை அனுப்பிய டாம்பாவுக்கே கோல்ட்ஸோடு போனார். டாம்பா நடப்பு சாம்பியன், திங்கள் இரவு ஆட்டம். கடைசி நாலு நிமிடம் இருக்கும்போது 35-14 என்று டாம்பா முன்னிலை. டாம்பா ரசிகர்கள் எழுந்து போகத் தொடங்கியிருப்பார்கள். அதற்குள் கோல்ட்ஸ் மூன்று டச்டவுன் போட்டுச் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் 38-35. பக்கக் கோட்டில் டன்ஜி முகத்தைப் பாருங்கள், 35-14லும் 38-35லும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

---

செல்வம்_மதுரை எழுதியது:

2006ஐ யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் அவருடைய உச்சம். அந்த வருடம் ஓட்டத்தைத் தடுப்பதில் லீகிலேயே கடைசி அணி கோல்ட்ஸ். டிசம்பரில் ஜாக்சன்வில் அவர்கள் மேல் 375 கஜம் ஓடியது! 44-17. எந்த கோச்சாக இருந்தாலும் திட்டத்தைத் தூக்கிப் போட்டிருப்பார். டன்ஜி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அதே டாம்பா 2, அதே பயிற்சி, அவரவர் இடைவெளியை அவரவர் அடைத்தால் போதும் என்றார். காயத்திலிருந்து சேஃப்டி பாப் சாண்டர்ஸ் திரும்பினார். பிளேஆஃபில் கன்சாஸ் சிட்டி 8 புள்ளி, பால்டிமோர் 6 புள்ளி. அதே 11 பேரா என்று ஆச்சரியப்படும்படி இருந்தது.

அப்புறம் நியூ இங்கிலாந்து. 21-3 பின்தங்கி, 38-34 வெற்றி. சூப்பர் போல் மயாமியில், 2007 பிப்ரவரி 4, கொட்டும் மழையில். எதிரே சிகாகோவின் லவ்வி ஸ்மித், டன்ஜியின் டாம்பா உதவிக் கோச். சூப்பர் போலுக்கு ஒரு கறுப்பின ஹெட் கோச்கூட வந்திராத லீகில் அன்று இரண்டு பக்கமும் அவர்கள். முதல் கிக்கையே சிகாகோவின் டெவின் ஹெஸ்டர் 92 கஜம் ஓடி டச்டவுன் ஆக்கினார். கோல்ட்ஸ் அசையவில்லை, 29-17.

---

யாழினி எழுதியது:

இவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் வேறு யாரெல்லாம் ஹெட் கோச் ஆனார்கள்?

---

மாலா_இண்டியானா எழுதியது:

ஹெர்ம் எட்வர்ட்ஸ், லவ்வி ஸ்மித், ராட் மாரினெலி, ஜிம் கால்ட்வெல், லெஸ்லி ஃபிரேசியர். எல்லோருக்கும் மேலே மைக் டாம்லின். 2001இல் டாம்பாவில் டன்ஜி எடுத்த இளைஞர். பிறகு ஸ்டீலர்ஸுக்கே ஹெட் கோச் ஆகி 2009 பிப்ரவரியில் சூப்பர் போல் ஜெயித்தார். நோலிடம் தொடங்கியது நோலின் அணிக்கே போய்ச் சேர்ந்தது.

டன்ஜி அதற்கு ஒரு மாதம் முன்னால், 2009 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வழக்கமான சீசன் கணக்கு 139 வெற்றி, 69 தோல்வி. 1999 முதல் 2008 வரை 10 வருடம் தொடர்ந்து பிளேஆஃப். லீகின் 32 அணிகளையும் தோற்கடித்த முதல் கோச். 2016இல் ஹால் ஆஃப் ஃபேம்.

---

யாழினி எழுதியது:

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எது?

---

பரணி எழுதியது:

2007 ஜனவரி 21, கோல்ட்ஸ்–நியூ இங்கிலாந்து. நேரமில்லை என்றால் இரண்டாம் பாதி மட்டும், 21-6இல் தொடங்கும். பந்து மேனிங் கையில் இருக்கும்போது எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் நியூ இங்கிலாந்து பந்து வைத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் 4 புள்ளி பின்னால் இருந்து பிரேடி முன்னேறி வருவார். அங்கே டிவியை நிறுத்தி நிறுத்தி, கோல்ட்ஸின் 7 பேரும் எங்கே நிற்கிறார்கள், கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கோல்ட்ஸின் மார்லின் ஜாக்சன் பிரேடி எறிந்த பந்தைப் பிடித்து முடிக்கும்போது, மேலே நான் எழுதினதெல்லாம் திரையில் இருக்கும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், அந்த ஆட்டத்துக்குத் தனி இழையே தொடங்கலாம்.